கெஞ்ச வேண்டாம், விவரம் எழுதுங்கள்

(பிளஸ் 1, பிளஸ் 2 மாணவ மாணவியருக்கும் பெற்றோருக்கும் நமது அறக்கட்டளை மடத்துக்குளத்தில் நடத்திய கல்வி வழிகாட்டுதல் கூட்டத்தில், கல்விக் குழுவின் சார்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



இதுபோன்ற கூட்டங்களில் எந்தப் படிப்பு படித்தால் என்ன வேலை கிடைக்கும் என்று சொல்லித் தருவது வழக்கம். அதைச் சொல்ல இன்று வேறு சகோதரர்கள் வந்திருக்கிறார்கள். நாங்கள் பேச எடுத்துக்கொண்டது விண்ணப்பத் தாள். கேட்பதற்குச் சின்ன விஷயமாக இருக்கும். ஆனால் நன்றாகப் படித்த பிள்ளைக்கு வர வேண்டிய இடமும் பணமும் கைநழுவிப் போவதைப் பல தடவை பார்த்துவிட்டோம். பெரும்பாலும் அது பரீட்சையில் நடப்பதில்லை, இந்தத் தாளில் நடக்கிறது.

இதைப் பற்றிப் பேச எங்களுக்கு ஒரு காரணம் இருக்கிறது. நாங்களும் விண்ணப்பம் வாங்குகிறவர்கள்தான். ரமளானில் சேரும் ஜகாத், ஸதகா தொகையில் கல்விக்கென்று ஒதுக்கி வைத்து, கல்லூரி திறக்கும் சமயத்தில் மனுக்கள் வாங்குகிறோம். இஷா தொழுகை முடிந்து குழுவினர் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படிப்போம். பத்து மனு படிப்பதற்குள் எல்லாம் ஒரே மனுவாகத் தெரிய ஆரம்பித்துவிடும். "நான் மிகவும் ஏழ்மையான குடும்பத்தைச் சேர்ந்தவன். என் குடும்பச் சூழ்நிலையைக் கருத்தில் கொண்டு, தாங்கள் பெரிய மனது வைத்து உதவி செய்யுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்." கையெழுத்து வேறு, பெயர் வேறு, வாசகம் ஒன்றுதான்.

ஒரு வருடம் அப்படி வந்த மனுக்களில் ஒரு மாணவியின் மனுவும் இருந்தது. அத்தா பெயருக்குக் கீழே தொழில் என்ற இடத்தில் "வியாபாரம்" என்று எழுதியிருந்தது. குழுவில் ஒருவர், "வியாபாரி வீட்டுப் பிள்ளை, அடுத்த தடவை பார்க்கலாம்" என்று ஒதுக்கி வைத்தார். அந்தத் தெருவில் குடியிருக்கும் இன்னொருவர்தான், "அவங்க அத்தா வீட்டை விட்டுப் போய் ஆறு வருஷம் ஆச்சுங்க. அந்தம்மா கம்பெனி வேன்ல போய்த்தான் நாலு பேருக்குச் சோறு போடுது" என்றார். அந்தப் பிள்ளைக்கு வெட்கம். அத்தா எங்கே என்று தெரியாது என எழுதக் கூசியிருக்கிறாள். தெரிந்தவர் ஒருவர் அன்றைக்கு எங்களோடு உட்கார்ந்திருந்ததால் அவளுக்குப் பணம் போனது.

அவர் அன்று வராமல் இருந்திருந்தால்? எங்களைப் பல நாள் தூங்கவிடாத கேள்வி இது. நம் மஹல்லாவிலாவது ஒருவரை ஒருவர் தெரியும். சென்னையில் உட்கார்ந்து விண்ணப்பத்தைச் சரிபார்க்கிற அலுவலருக்கு உங்கள் தெரு எது, உங்கள் வீட்டில் அடுப்பு எரிந்ததா என்று எப்படித் தெரியும்? அவருக்கு முன்னால் இருப்பது அந்தத் தாள் மட்டும்தான். சிபாரிசுக்கு ஆள் வைத்திருக்கிறவர்களுக்கு விண்ணப்பம் ஒரு சம்பிரதாயம். யாரும் இல்லாத பிள்ளைக்கு அதுதான் ஆள். அதனால்தான் அதைச் சரியாக எழுதப் பழகுங்கள் என்று இவ்வளவு வற்புறுத்துகிறோம்.

முதலில் அந்தக் கெஞ்சலை விட்டுவிடுங்கள். வசதியுள்ளவர்களின் செல்வத்தில் கேட்பவருக்கும் இல்லாதவருக்கும் உரிமை இருக்கிறது என்று திருக்குர்ஆன் சொல்கிறது. உரிமை என்ற பிறகு காலில் விழுவதுபோல் எழுத வேண்டிய அவசியம் என்ன? அரசு தரும் உதவித்தொகையும் நம் எல்லோருடைய வரிப்பணம்தான். மரியாதையாகக் கேளுங்கள், ஆனால் விவரத்தோடு கேளுங்கள். "மிகவும் ஏழ்மை" என்பதை வைத்துக்கொண்டு படிக்கிறவர் ஒன்றும் செய்ய முடியாது. அதற்குப் பதிலாக இப்படி எழுதிப் பாருங்கள்:

"அத்தா மொபட்டில் துணி வைத்துச் சுற்றுக் கிராமங்களில் விற்கிறார். மழை இல்லாத மாதத்தில் பத்தாயிரம் ரூபாய் மிஞ்சும். அம்மா வீட்டிலிருந்தபடி பனியனுக்குப் பிசிறு வெட்டிக் கொடுப்பதில் வாரம் 600 ரூபாய் வருகிறது. வீட்டு வாடகை 3,500. தம்பி ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். எனக்கு முதலாண்டுக் கட்டணம் 18,000 ரூபாய். அதில் 8,000 கட்டிவிட்டோம். மீதி 10,000 ரூபாயை ஆகஸ்ட் மாதத்துக்குள் கட்ட வேண்டும்."

உதாரணத்துக்குச் சொன்ன கணக்குதான் இது. எட்டு சிறிய வாக்கியங்கள், ஏழை என்ற சொல் ஒரு இடத்திலும் இல்லை. ஆனாலும் படிக்கிறவருக்கு அந்த வீடு கண்ணுக்குத் தெரிகிறது. எவ்வளவு கொடுத்தால் பிள்ளை படிப்பைத் தொடரும் என்பதும் தெரிகிறது. "எட்டாயிரம் நாங்களே கட்டிவிட்டோம்" என்ற வரி முக்கியமானது. இந்தக் குடும்பம் சும்மா இருக்கவில்லை, தன்னால் ஆனதைச் செய்துவிட்டுத்தான் கேட்கிறது என்று அது சொல்கிறது. நமது பனியன் கம்பெனிகளில் சம்பளம் ஷிப்ட் கணக்கு அல்லது பீஸ் ரேட். மாதச் சம்பளச் சீட்டு இருக்காது. அதற்காக அந்தக் கட்டத்தைக் காலியாக விட வேண்டாம். வாரத்தில் எத்தனை ஷிப்ட், ஒரு ஷிப்டுக்கு எவ்வளவு, ஆர்டர் இல்லாத மாதங்களில் என்ன ஆகும் என்று எழுதுங்கள்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. கணவர் இறந்துபோனதையோ விட்டுப் போனதையோ எழுதுவதில் அவமானம் எதுவும் இல்லை. கணவனால் கைவிடப்பட்ட பெண் என்பதற்கு வருவாய்த் துறை தனியாகவே சான்றிதழ் தருகிறது, இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். அந்தச் சான்றிதழ் இருந்தால் பிள்ளை ஒவ்வொரு இடத்திலும் கதை சொல்லி அழ வேண்டியதில்லை.

அடுத்தது, தன்னைப் பற்றி எழுதுவது. கல்லூரியோ உதவித்தொகை தரும் நிறுவனமோ "உங்களைப் பற்றி எழுதுங்கள்" என்று கேட்டால் நம் பிள்ளைகளுக்குப் பேனா ஓடுவதில்லை. தன்னைத் தானே சொல்லிக்கொள்வது பெருமையடிப்பது, அது பாவம் என்று வளர்ந்த பிள்ளைகள். நல்ல வளர்ப்புதான், குறை சொல்லவில்லை. ஆனால் யூசுஃப் அலைஹிஸ்ஸலாம் அவர்களின் வரலாற்றை நினைத்துப் பாருங்கள். சிறையிலிருந்து வெளியே வந்து அரசர் முன் நின்றபோது, நாட்டின் களஞ்சியங்களைத் தன் பொறுப்பில் விடும்படி அவர்களே கேட்டார்கள். தாம் அதைப் பாதுகாப்பவர், அது பற்றி அறிந்தவர் என்று இரண்டு தகுதிகளையும் சொன்னார்கள். ஏழு வருடப் பஞ்சம் வரப்போகிறது, அந்த வேலை தெரிந்தவர் வாய் திறக்காமல் இருந்தால் மக்கள் பட்டினி கிடப்பார்கள். தேவையான இடத்தில் உள்ள தகுதியை உள்ளபடி சொல்வது பெருமை ஆகாது என்பதற்கு ஆலிம்கள் இந்த வசனத்தைத்தான் காட்டுகிறார்கள். அவர்கள் நபி என்பதையோ, நபியின் மகன் என்பதையோ அங்கே தகுதியாகச் சொல்லவில்லை என்பதையும் கவனியுங்கள். அந்த வேலைக்கு எது தேவையோ அதை மட்டும் சொன்னார்கள்.

சென்ற வருடம் ஒரு தம்பி பின்னலாடை சம்பந்தப்பட்ட பட்டப்படிப்புக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டு வந்தார். பொழுதுபோக்கு: புத்தகம் வாசித்தல், கிரிக்கெட். திறமைகள்: கடின உழைப்பு. அவ்வளவுதான்.

"மே மாசம் லீவுல என்ன தம்பி பண்ணுனீங்க?"

"பனியன் கம்பெனிக்குப் போனேனுங்க. செக்கிங்ல இருந்தேன்."

"செக்கிங்னா என்ன பார்ப்பீங்க?"

கேட்டதும் தம்பிக்கு வாய் திறந்துவிட்டது. ஊசி ஓட்டை, ஆயில் கறை, தையல் விட்டுப்போனது, ஒரே பனியனில் கைக்கும் உடம்புக்கும் கலர் மாறுவது, ஓவர்லாக்கில் வரும் டேமேஜ் எப்படி இருக்கும், பேட்லாக்கில் வருவது எப்படி இருக்கும், எந்த டேமேஜைச் சரிசெய்யலாம், எதைத் தள்ளிவிட வேண்டும் என்று பத்து நிமிடம் பேசினார். இதில் ஒரு வரிகூட விண்ணப்பத்தில் இல்லை. "அது கூலி வேலைங்க, அதைப் போய் எழுதலாமா?" என்றார். அந்தப் படிப்புக்கு அதைவிடப் பெரிய தகுதி என்ன வேண்டும்? ஆசிரியர் முதல் வருடத்தில் சொல்லிக்கொடுக்கப் போவதை அவர் கையால் செய்துவிட்டு வந்திருக்கிறார். உட்கார வைத்து அவர் சொன்னதையே எழுத வைத்தோம். இடம் கிடைத்தது, அல்ஹம்துலில்லாஹ்.

நம் ஊர்ப் பிள்ளைகளிடம் இப்படி எழுதப்படாமல் கிடப்பது நிறைய. அத்தாவின் கடையில் கணக்கு எழுதுகிற பிள்ளை, வீட்டில் படுத்த படுக்கையாக இருக்கும் பாட்டியைப் பார்த்துக்கொண்டே பத்தாம் வகுப்பு தேறிய பிள்ளை, மாலையில் மதரஸாவில் சின்னக் குழந்தைகளுக்கு ஓதிக்கொடுக்கிற பிள்ளை, உருது, தமிழ் இரண்டும் பேசுகிற பிள்ளை. இவற்றை எழுதுங்கள். எத்தனை நாள், எத்தனை பேர், என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள். இப்போது கைப்பேசியில் கேட்டால் ஒரு நிமிடத்தில் அழகான கடிதம் எழுதித் தருகிறது. எழுத்துப் பிழை பார்க்க வைத்துக்கொள்ளுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஊசி ஓட்டையை நீங்கள் பார்த்தது அதற்குத் தெரியாது. எல்லோரும் அதையே நம்பினால் நாங்கள் இஷாவுக்குப் பிறகு படிக்கும் மனுக்கள் மறுபடியும் ஒரே மனுவாகிவிடும், மொழி மட்டும் கொஞ்சம் உயர்ந்திருக்கும்.

இனி சான்றிதழ்கள். இதில்தான் நமது சமுதாயப் பிள்ளைகள் அதிகம் அடிபடுகிறார்கள், கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

நம் பெயர்கள் அரபிப் பெயர்கள். தமிழில் எழுதினால் முகமது, முகம்மது, முஹம்மது. ஆங்கிலத்தில் ஒருவர் நடுவில் ஒரு எம் போடுவார், இன்னொருவர் இரண்டு போடுவார், மூன்றாமவர் எம்.டி. என்று சுருக்கி ஒரு புள்ளி வைப்பார். அத்தா பெயர் ஆதாரில் அப்துல் காதர், ரேஷன் கார்டில் அப்துல்காதிர், பிள்ளையின் பள்ளிப் பதிவேட்டில் வெறும் காதர். அப்படியானால் பிள்ளையின் இனிஷியல் ஏ-யா, கே-யா? பெண் பிள்ளைகளுக்கு ஒரு தாளில் பேகம், இன்னொன்றில் பீவி, மூன்றாவதில் இரண்டும் இல்லை. வீட்டில் எல்லாம் ஒரே ஆள்தான். கணினிக்கு அவர்கள் மூன்று பேர். உதவித்தொகை இப்போது நேராக ஆதார் இணைத்த வங்கிக் கணக்குக்குத்தான் வருகிறது. பெயர் ஒத்துப்போகவில்லை என்றால் விண்ணப்பம் ஏற்கப்பட்ட பிறகும் பணம் வழியில் நின்றுவிடும்.

எதை எதற்கு ஏற்ப மாற்றுவது என்பதில் பலர் குழம்புகிறார்கள். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழை அடிப்படையாக வைத்துக்கொள்ளுங்கள். வாழ்நாள் முழுவதும் பெயருக்கும் பிறந்த தேதிக்கும் அதைத்தான் கேட்பார்கள். பொதுத் தேர்வுக்கு முன்பு பள்ளியில் பெயர்ப் பட்டியலைச் சரிபார்க்கக் கொடுப்பார்கள். அன்றைக்குப் பிள்ளை பள்ளிக்குப் போகாமல் இருக்கக் கூடாது, பெற்றோரும் ஒரு கண் பார்த்துவிடுவது நல்லது. அந்த ஒரு நாளில் ஐந்து நிமிடத்தில் திருத்த முடிவதை, சான்றிதழ் அச்சாகி வந்த பிறகு திருத்தத் தலைமை ஆசிரியர் வழியாகத் தேர்வுத் துறைக்கு விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டும். மதிப்பெண் சான்றிதழ் சரியாக இருந்தால் ஆதாரை அதற்கு ஏற்பத் திருத்துங்கள். ஆனால் ஆதாரில் பெயரை இரண்டு முறையும் பிறந்த தேதியை ஒரு முறையும்தான் மாற்ற விடுவார்கள். ஆகவே அவசரப்பட்டு ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் ஒவ்வொரு மாதிரி மாற்றிவிட்டு, உண்மையில் தேவைப்படும்போது வழியில்லாமல் நிற்க வேண்டாம்.

அடுத்து சாதிச் சான்றிதழ். "சாதி" என்ற கட்டத்தில் நம் பிள்ளைகள் பலர் "இஸ்லாம்" என்றோ "முஸ்லிம்" என்றோ எழுதுகிறார்கள். அது மதம். இஸ்லாத்தில் சாதி கிடையாது என்பது நம் ஈமான், அதில் மாற்றம் இல்லை. ஆனால் அந்தக் கட்டம் அரசின் பட்டியலில் நீங்கள் எந்தப் பிரிவில் வருகிறீர்கள் என்று கேட்கிறது. 2007இல் தமிழக அரசு பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கென்று கல்வியிலும் அரசு வேலையிலும் 3.5 சதவீதம் தனியாக ஒதுக்கியது. அன்சர், தக்னி முஸ்லிம், துதேகுலா, ராவுத்தர் மரைக்காயர் உள்ளிட்ட லப்பை, மாப்பிள்ளா, ஷேக், சையது ஆகிய ஏழு பிரிவுகள் அதில் வருகின்றன. சான்றிதழில் பிரிவின் பெயரும், பிற்படுத்தப்பட்டோர் (முஸ்லிம்) என்பதும் இரண்டும் இருக்க வேண்டும். இணையத்தில் வகுப்பைத் தேர்ந்தெடுக்கும்போது வெறும் பி.சி.யைத் தொட்டுவிடாமல் பி.சி.எம். என்பதைத் தேடித் தொடுங்கள். மத்திய அரசின் கல்வி நிறுவனங்கள், ரயில்வே, வங்கி வேலைகளுக்கு இந்தச் சான்றிதழ் போதாது. அதற்கு ஓ.பி.சி. என்று வேறு சான்றிதழ் மத்திய அரசின் படிவத்தில் வாங்க வேண்டும். கடைசி நாளில் இதைத் தெரிந்துகொண்டு அழுத பிள்ளைகள் உண்டு.

இன்னொரு சங்கதி. விண்ணப்பத்தைப் பிரவுசிங் சென்டரில் கொடுத்துப் போடுகிறோம். கைப்பேசி எண், மின்னஞ்சல் கேட்டால், "அதெல்லாம் நானே போட்டுக்கிறேன்" என்று அந்தத் தம்பி தன்னுடையதைப் போட்டுவிடுவார். கெட்ட எண்ணம் இல்லை, அவருக்கு வேலை சீக்கிரம் முடியும். ஆனால் கலந்தாய்வுக்கு உங்கள் முறை வரும் செய்தி, சான்றிதழ் சரியில்லை என்று திருப்பி அனுப்பிய செய்தி, எல்லாம் அவர் எண்ணுக்குப் போகும். அவருக்கு அன்றைக்கு நூறு செய்தி. வீட்டில் ஒருவரிடம் எப்போதும் இருக்கும் எண்ணைக் கொடுங்கள், கடவுச்சொல்லை நோட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், நகல் எடுக்காமல் கடையை விட்டு வெளியே வராதீர்கள்.

உதவிகள் என்னென்ன இருக்கின்றன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம், துண்டறிக்கையில் முழுதாக இருக்கிறது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத இடஒதுக்கீடு 2021 முதல் இருக்கிறது, மருத்துவத்தில் அதற்கு முந்தைய வருடமே வந்துவிட்டது. இப்படிச் சேர்பவர்களின் கட்டணத்தை அரசே கட்டுகிறது. மாணவிகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் 2022 முதலும், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் 2024 முதலும் மாதம் 1,000 ரூபாய். இதற்குக் கல்லூரி வழியாகத்தான் பதிவு. வேறு உதவித்தொகை வாங்கினாலும் இதை வாங்கலாம். குடும்பத்தில் பட்டதாரியே இல்லை என்றால் முதல் பட்டதாரி சான்றிதழ் வாங்கிக் கலந்தாய்வில் கட்டணச் சலுகை பெறலாம். நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் அது கிடையாது. பள்ளிவாசலில் பணிபுரியும் இமாம்கள், முஅத்தின்கள், மதரஸா ஆசிரியர்கள் உலமாக்கள் மற்றும் பணியாளர்கள் நல வாரியத்தில் பதிவு செய்திருந்தால் அவர்கள் பிள்ளைகளுக்குக் கல்வி உதவி உண்டு. பதிவு செய்யாத ஹஜ்ரத்மார்கள் இந்த வாரமே செய்யுங்கள்.

இல்லாமல் போனவற்றையும் சொல்ல வேண்டும். ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை சிறுபான்மை மாணவர்களுக்கு மத்திய அரசு கொடுத்துவந்த உதவித்தொகை 2022-23ஆம் ஆண்டு முதல் நிறுத்தப்பட்டது. ஆராய்ச்சி மாணவர்களுக்கான மௌலானா ஆசாத் ஃபெலோஷிப் அதே சமயம் நின்றது. மாணவிகளுக்கு பேகம் ஹஜ்ரத் மஹல் உதவித்தொகை கொடுத்துவந்த மௌலானா ஆசாத் கல்வி அறக்கட்டளையை மூடும்படி 2024 பிப்ரவரியில் உத்தரவு வந்தது. ஆனால் அந்தப் பழைய அறிவிப்புகள் வாட்ஸ்அப்பில் இன்னும் ஒவ்வொரு ஜூன் மாதமும் சுற்றுகின்றன. அதை நம்பி அலைந்துவிட்டு, உண்மையில் இருக்கும் திட்டத்தின் கடைசித் தேதியைத் தவறவிடுகிறார்கள். எங்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

பொய்யைப் பற்றியும் பேசாமல் போக முடியாது. வருமானத்தைக் குறைத்துக் காட்டி எழுதிக் கொடுங்கள் என்று எங்களிடமே கேட்கிறார்கள். அண்ணன் பட்டம் வாங்கிய வீட்டில் தம்பிக்கு முதல் பட்டதாரி சான்றிதழ் கேட்கிறார்கள். எல்லோரும் செய்கிறார்களே என்கிறார்கள். 2023இல் மத்திய சிறுபான்மையினர் நல அமைச்சகம், உதவித்தொகை பெற்றுவந்த 1,572 கல்வி நிலையங்களைப் பரிசோதித்ததில் 830 நிலையங்கள் போலி அல்லது செயல்படாதவை என்று சிபிஐயிடம் புகார் கொடுத்தது. நஷ்டம் 144 கோடிக்கு மேல் என்று சொன்னார்கள். பெயருக்குச் சிறுபான்மைப் பிள்ளைகள், பணம் யாருக்கோ. அதன் விலையை யார் கொடுத்தது? உண்மையாகப் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள்தான். சந்தேகம் வந்தபின் எல்லோர் தாளையும் சந்தேகத்தோடுதான் புரட்டுவார்கள். தகுதி இல்லாத இடத்தில் கைநீட்டும்போது, பக்கத்தில் உள்ள எத்தீமின் தட்டிலிருந்துதான் எடுக்கிறோம். எங்கள் குழுவில் யாரும் அப்படி எழுதிக் கொடுக்க மாட்டார்கள், தயவுசெய்து கேட்காதீர்கள்.

மதிப்பெண் குறைவு, ஒரு வருடம் ஃபெயில், இதை எப்படி எழுதுவது என்று சில பிள்ளைகள் தனியாக வந்து கேட்டார்கள். நம் கொங்கு மண்ணில் நடந்ததையே சொல்கிறோம். கணித மேதை ராமானுஜன் 1887இல் ஈரோட்டில் பிறந்தவர். கும்பகோணத்தில் கல்லூரிப் படிப்புக்குக் கிடைத்த உதவித்தொகையை இழந்தவர். கணிதத்தைத் தவிர மற்ற பாடங்களில் கவனம் போகாமல் எஃப்.ஏ. தேர்வில் சென்னையிலும் தேறாதவர். இன்றைய கணக்கில் சொன்னால் பிளஸ் 2 ஃபெயில். 1912 பிப்ரவரியில் சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தா வேலைக்கு விண்ணப்பித்தார். மெட்ரிகுலேஷன் தேறியதையும், எஃப்.ஏ. வரை படித்துச் சில இடையூறுகளால் மேலே படிக்க முடியாமல் போனதையும் மறைக்காமல் எழுதினார். அந்த இடைவெளியில் கணிதத்தில் உழைத்துவந்ததையும் சேர்த்து எழுதினார். மாநிலக் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் ஒருவரின் சான்றுக் கடிதத்தை இணைத்தார். மார்ச் 1ஆம் தேதி வேலையில் சேர்ந்தார், மாதம் 30 ரூபாய்.

அடுத்த ஜனவரியில் அவர் கேம்பிரிட்ஜுக்கு எழுதிய கடிதம் உலகத்துக்கே தெரியும். ஹார்டி என்ற பேராசிரியருக்கு எழுதுவதற்கு முன்பே இரண்டு பேராசிரியர்களுக்கு எழுதிப் பார்த்தார், பலன் இல்லை. மூன்றாவது கடிதத்தில் தான் துறைமுகத்தில் ஒரு குமாஸ்தா, சம்பளம் இவ்வளவு, பல்கலைக்கழகப் படிப்பு இல்லை என்று சுருக்கமாகச் சொல்லிவிட்டு, தான் கண்டுபிடித்த சூத்திரங்களைப் பக்கம் பக்கமாக இணைத்தார். ஹார்டி அசந்துபோனது கடிதத்தின் ஆங்கிலத்தைப் பார்த்து அல்ல, அந்தப் பக்கங்களைப் பார்த்து. அதே 1913இல் சென்னைப் பல்கலைக்கழகம், பட்டம் இல்லாத அவருக்கு மாதம் 75 ரூபாய் உதவித்தொகை கொடுத்தது. நாம் யாரும் ராமானுஜன் இல்லை, சரி. ஆனால் தோல்வியை ஒரு வரியில் சொல்லிவிட்டு, அதன்பிறகு என்ன செய்தேன் என்பதைப் பத்து வரியில் எழுத நம்மாலும் முடியும். ஒரு வருடம் ஃபெயிலானால் அந்த வருடம் என்ன வேலை பார்த்தீர்கள், மறுபடி எப்படி எழுதித் தேறினீர்கள் என்று எழுதுங்கள். காலியாக விட்ட வருடத்தைத்தான் படிப்பவர் தப்பாக நினைப்பார்.

வேலை விண்ணப்பம் பற்றி அதிகம் சொல்ல நேரம் இல்லை, மேலே சொன்னதெல்லாம் அதற்கும் பொருந்தும். பிரவுசிங் சென்டரில் வைத்திருக்கும் ரெஸ்யூமில் பெயரை மட்டும் மாற்றி எடுத்துக்கொண்டு திருப்பூருக்கு பஸ் ஏறாதீர்கள். அதன் மேலே இருக்கும் "லட்சியம்" என்ற பத்தியை எந்தக் கம்பெனி மேனேஜரும் படிப்பதில்லை. ஏற்றுமதிக் கம்பெனியில் மெர்ச்சண்டைசர் உதவியாளர் வேலை என்றால், வெளிநாட்டு பையருக்கு மின்னஞ்சல் எழுத வருமா, எக்செல் தெரியுமா, நூலிலிருந்து பேக்கிங் வரை வேலை எப்படி நகர்கிறது என்று தெரியுமா, இவைதான் அவருக்கு வேண்டும். ஒரு பக்கம் போதும். அரசு வேலைக்குப் போட்டியிடுபவர்கள், ஒன்றாம் வகுப்பிலிருந்து தமிழ் வழியில் படித்திருந்தால் 20 சதவீத முன்னுரிமை இருக்கிறது, அதற்கான சான்றிதழைப் படித்த பள்ளிகளிலிருந்து இப்போதே வாங்கி வையுங்கள். பள்ளி மூடிய பிறகு, ஆசிரியர் மாறிய பிறகு தேடுவது கஷ்டம்.

ஒரே ஒரு இடத்துக்கு மட்டும் விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்க வேண்டாம். டாக்டர் அப்துல் கலாம் அவர்கள் எம்.ஐ.டி.யில் சேரப் பணம் இல்லாதபோது அக்கா ஜொஹரா நகையை அடகு வைத்த கதை எல்லோருக்கும் தெரியும். படிப்பு முடிந்ததும் அவர் விமானப் படைக்கும் பாதுகாப்பு அமைச்சகத்தின் தொழில்நுட்பப் பிரிவுக்கும் இரண்டு இடங்களுக்கு விண்ணப்பித்திருந்தார். விமானப் படையில் எட்டுப் பேரை எடுத்தார்கள், அவர் ஒன்பதாவது. இன்னொரு விண்ணப்பம் கையில் இருந்ததால் டெல்லியில் வேலையில் சேர்ந்தார்.

இன்ஷா அல்லாஹ், வரும் நான்கு ஞாயிற்றுக்கிழமைகளிலும் லுஹர் தொழுகைக்குப் பிறகு அறக்கட்டளை அலுவலகத்தில் உட்கார்ந்திருப்போம். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ், ஆதார், சாதிச் சான்றிதழ், வங்கிப் புத்தகம் நான்கையும் ஒன்றாக எடுத்து வாருங்கள், முதலில் பெயரைத்தான் ஒப்பிட்டுப் பார்ப்போம். பெண்களுக்கு மதரஸா கட்டடத்தில் தனி இடம், அங்கே நம் கல்லூரி மாணவிகள் உதவுவார்கள். எழுதப் படிக்கத் தெரியாத அம்மாமார்கள் கூச்சப்படாமல் வாருங்கள். நீங்கள் சொல்லச் சொல்ல எழுதி, திருப்பி வாசித்துக் காட்டி, நீங்கள் சரி என்ற பிறகுதான் கையெழுத்தோ கைநாட்டோ வாங்குவோம். ஜெராக்ஸ் இரண்டு செட் கொண்டு வர மறந்துவிடாதீர்கள்.

வஸ்ஸலாம்.